இருபத்தைந்து அடிக் கயிறு

சசிரேகாவின் படகை வேலிகாத்தான் மரத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுக் கட்டி, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டும் தொங்கவிட்டிருந்தார்கள். பத்தடி நீளப் பைபர் படகு. இரண்டு பேர் தூக்கினால் தலைக்கு மேல் போய்விடும். அதற்குப் போய் இந்தப் பூட்டு!

"இன்னாக்கா இது?" என்று கேட்டாள்.

கரையில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த கிளியம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. ஒரகடம் ரோட்டோரம் இருபது வருடமாக மீன் விற்கிறவள், எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லாதவள், கூடையையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"பலராமன் ஆளுங்க வெடிகாலைலயே வந்து பூட்டிட்டுப் போனானுங்கமே. ஞாயித்துக்கெழம சங்கம் கூடுதாம். லிஸ்ட்லேர்ந்து ஒம் பேர எடுக்கப்போறாங்களாம்."

"எம் பேர எதுக்கு எடுக்கணும்?"

"படகு நிக்க வெக்கத் தெரியாதாம் ஒனக்கு."

மீன் பிடிக்கத் தெரியாது என்று சொல்லியிருந்தால் சசிரேகா சிரித்துவிட்டுப் போயிருப்பாள். மீன் கிடைப்பதும் கிடைக்காததும் மீனின் இஷ்டம். ஆனால் படகை நிறுத்துவது அப்படியா? அது அவள் கை. அவள் கண். காதுமடல் இரண்டும் சூடாகிவிட்டன. "எவன் சொன்னது?" என்று கத்தினாள். ஏரியில் தலைகாட்டிக்கொண்டிருந்த முக்குளிப்பான் குஞ்சு ஒன்று முழுகியே போய்விட்டது.

ஆனைத்தாங்கல் என்பது வடக்குப்பட்டு ஊருக்குப் பின்னால், இரண்டு கம்பெனி மதில்களுக்கு நடுவே கிடக்கிற ஏரி. பதினாலு படகு. மீன் குத்தகை பலராமனுடையது. மீன் குஞ்சு விடுவது அவர், பிடிக்கிறது சங்கத்தில் பேர் இருக்கிறவர்கள். பேர் இல்லாதவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

அந்தப் பேரைச் சும்மா எழுதிவிட மாட்டார்கள். புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. காலி எண்ணெய்க் கேனில் கல் கட்டி நடு ஏரியில் மிதக்க விடுவார்கள். பக்கத்துக் கம்பெனியில் ஆறு மணிச் சங்கு ஊதும்போது படகைக் கேனுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். எட்டு மணிக்கு டீ சங்கு ஊதும் வரைக்கும் துடுப்பை நீட்டினால் கேன் எட்ட வேண்டும். நடுவில் ஒரு தரம் எட்டாமல் போனாலும் கரைக்கு வந்துவிட வேண்டியதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால், அவள் வேலை பார்த்த கம்பெனியில், ஒயர் கட்டுகிற லைனில் கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று கேட்டிலேயே பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிய அதே மாதம், சசிரேகா இந்தப் பரீட்சைக்கு வந்தாள். ஆடி மாசம். காற்று மரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. பலராமனின் மச்சான் இரண்டு தரம் கேனை விட்டு ஓடிப்போய் மூன்றாம் தரம் தேறினான். சசிரேகா ஒரே தரத்தில் தேறினாள். டீ சங்கு ஊதியபோது அவள் கேனைக் கையாலேயே தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்குத்தான் படகு நிக்க வைக்கத் தெரியாதாம்!

எப்படி நிறுத்துவாள் என்று கேளுங்கள். படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்புவாள். அவளுடைய நங்கூரம் ஒரு பிரேக் டிஸ்க். ஏதோ கம்பெனி கழித்துப்போட்ட வார்ப்பிரும்புத் தட்டு, காயலான் கடையில் எடுத்தது, நடு ஓட்டையில் கயிறு கோத்தால் கச்சிதம். அதைத் தூக்கிப் போடமாட்டாள், குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இறக்குவாள். அது தரையைத் தொட்டதும் கயிற்றில் ஒரு சின்ன அடி வரும். அப்புறம் படகைக் காற்று பின்னால் தள்ள விட்டு, ஆழத்தைப்போல மூன்று மடங்கு கயிறு விட்டு மூக்கில் கட்டுவாள். ஏழெட்டு அடி ஆழ ஏரிக்கு இருபத்தைந்து அடிக் கயிறு. பதினாலு படகிலும் அதே அளவுதான். கட்டிய பிறகு கரையைப் பார்ப்பாள். ஒற்றைப் பனைமரமும், அதற்குப் பின்னால் கம்பெனியின் உயரமான தண்ணீர்த் தொட்டியும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினாற்போல் தெரிந்தால் படகு நிற்கிறது. பனை விலகித் தொட்டி தனியாகத் தெரிந்தால் படகு நகர்கிறது. இதற்கு எந்த மிஷினும் வேண்டாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் பனை விலகியது.

அன்றைக்குத் தெற்குப் பக்கம் ஒன்றும் கடிக்கவில்லை என்று வடக்கு மூலைக்குப் போனாள். அங்கே பலராமன் ஜிலேபி மீன் வளர்க்கிற வலைக்கூண்டுகள் மிதக்கின்றன. நல்ல தூரம் விட்டுத்தான் நின்றாள். டிஸ்கை இறக்கினாள், பாதிக் கயிறு போகும்போதே பக்கத்தில் ஒரு கட்லா மீன் துள்ளி விழுந்தது. கண் அங்கே போய்விட்டது. மீதிக் கயிறு தன்னால் ஓடி முடிந்தது, கட்டினாள், தூண்டிலைப் போட்டாள். அந்தச் சின்ன அடிக்குக் காத்திருக்கவில்லை. மூன்று வருடமாக ஒரு நாளும் தொடாமல் போகாத தரை, இன்றைக்கு மட்டும் எங்கே போய்விடும்? அவள் செய்த ஒரே தப்பு அதுதான், அதை அவளே ஒப்புக்கொள்வாள். நிமிர்ந்து பார்த்தபோது பனை ஒரு பக்கம், தொட்டி ஒரு பக்கம். அதற்குள் ஒரு காற்று வந்து படகைக் கூண்டின்மேல் சாய்த்தது. கீழே தொங்கிய டிஸ்க் கூண்டு வலையில் மாட்டி ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் கிழித்தது. ஒரு கூண்டு மீன் மொத்தமும் ஏரிக்குள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பூட்டைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் குழாயடியில் போய் டிஸ்கைக் கழுவ உட்கார்ந்தாள். தினமும் செய்கிற வேலை. ஏரி வண்டல் தார் மாதிரி அப்பிக்கொள்ளும், தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். நேற்று இருந்த பதற்றத்தில் கழுவாமலேயே மூலையில் போட்டிருந்தாள்.

கழுவ ஒன்றுமே இல்லை.

டிஸ்கைப் புரட்டிப் பார்த்தாள். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கயிற்று முடிச்சை முகர்ந்தாள். பொட்டு மண் இல்லை, சேற்று வாசனை இல்லை. கடையில் வாங்கி வந்த மாதிரி இருந்தது.

அவள் கணவன் வசந்தகுமார் நைட் ஷிப்ட் முடித்து வந்து, யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் படுத்திருந்தான். அவனை உலுக்கினாள்.

"யோவ், எந்திரி. இதுல மண்ணு கீதா பாரு."

"தூங்க வுடுமே. மண்ணு எதுக்கு ஒனக்கு?"

"இருபத்தஞ்சு அடி கயிறு மொத்தமும் உள்ள போச்சு. மண்ணே ஒட்டல. அப்டீனா இன்னா அர்த்தம்?"

வசந்தகுமார் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "கல்லு தரைக்கே போவல."

"அதான்! தரை இருந்தாத்தான நிக்கும்? தரையக் காணோம்யா!"

"போன கோடைல தூர் வாருனாங்களே, அதுவா இருக்கும்." சொல்லிவிட்டு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டான். "வுட்டுடு சசி. அவங்க பெரிய ஆளுங்க. எங்க பேக்கிங் லைனுக்கு லேடீஸ் எடுக்குறாங்கோ. சூப்பர்வைசர் கைல சொல்றேன்."

"எம் படகுமேல பூட்டத் தொங்க வுட்டு, எனக்குத் தெரியாதுன்னு சொல்லுவான். நா அட்டப்பொட்டி ஒட்டப் போவணுமா?"

போன கோடையை அவளும் மறக்கவில்லை. ஏரி காய்ந்து கிடந்தபோது வடக்கு மூலையைச் சுற்றிக் கயிறு கட்டி யாரையும் விடவில்லை. தூர் வாருகிறோம் என்றார்கள். இரண்டு மாதம் பலராமனின் மிஷினும் லாரியும் ஓய்வில்லாமல் ஓடின. அந்த மண்ணெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்புகிற ஒரு கம்பெனி மனையில் போய் விழுந்தது. மழை வந்தது, ஏரி நிரம்பியது. மேலே எல்லாம் ஒரே தண்ணீர். கீழே என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

நேராகச் சங்கச் செயலாளர் கலைமணியிடம் போனாள். அவருக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் ஜெராக்ஸ் கடை. சங்க நோட்டும் அங்கேயேதான் இருக்கும்.

"கலைமணிண்ணா, வடக்கு மூலைல ஏரி எத்தினி அடி?"

"நோட்டுல ஏழு கீது. தூர் வாருனது மூணு. பத்துன்னு வெச்சுக்கயேன்."

"பத்தடித் தண்ணில இருபத்தஞ்சு அடி வுட்டும் கல்லு தரையத் தொடல."

"நீ சரியாப் போட்டிருக்க மாட்ட."

"சரியாப் போடாத கல்லும் கீழதாண்ணா போவும். மேலயா போவும்?"

ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண்ணொருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். கலைமணி மிஷினை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யம்மா, நா சொல்றதக் கேளு. பலராமன் கைல போயி, தெரியாம பண்ட்டேண்ணான்னு ஒரு வார்த்த சொல்லு. ஒரு சீசன் தள்ளி வெப்பாரு, அப்பால சேத்துக்குவாரு. மண்ணு கத மட்டும் எடுக்காத. அது எங்கெங்கயோ போவும்."

"தெரியாமதான் பண்ணேன். ஆனா எனக்குத் தெரியாதது படகு நிக்க வெக்கிறது இல்லண்ணா. ஏரிக்குத் தரை இல்லாததுதான் எனக்குத் தெரியாது."

அவர் மறுபடி மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. கரைப்பக்கம் போகும்போதெல்லாம் யாராவது ஒருவன், "இன்னா சசி, வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போட மறந்துட்டியா?" என்பான். இன்னொருவன், "டிஸ்க் பிரேக் வெச்சும் நிக்கலயாமே!" என்பான். சிரிப்பார்கள். சசிரேகா சனிக்கிழமை இரண்டு வேளையும் சாப்பிடவில்லை. பசி இல்லாமல் இல்லை. வாயைத் திறந்தால் சோறு உள்ளே போகிறதற்குள் திட்டு வெளியே வந்துவிடும் போலிருந்தது. படகு மட்டும் கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் ஆழத்தை அளந்து முகத்தில் அடித்துவிடலாம். படகுதான் பூட்டில் கிடக்கிறது. வேறு யாராவது படகு தருவார்களா என்று மூன்று பேரைக் கேட்டாள். மூன்று பேரும் ஒரே மாதிரி தரையைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சங்கம் ஏரிக்கரையிலேயே கூடியது. பலராமன் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். கெட்ட வார்த்தை பேசமாட்டார். எல்லோரையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுவார், அதுதான் இன்னும் எரிச்சல்.

"தங்கச்சிமேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல," என்று ஆரம்பித்தார். "ஆனா தண்ணி விஷயம் பாருங்க, வெளையாட்டு இல்ல. ஒரு படகு அலஞ்சா பத்துப் படகுக்கு ஆபத்து. வூட்டு வேல, கடை வேல, எவ்ளோ கீது. அதுல இன்னா கௌரவக் கொறைச்சல்? நிக்க வெக்கத் தெரியல, தெரியலன்னு ஒத்துக்கினு போறதும் ஒரு மரியாததான்."

கலைமணி நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். வசந்தகுமார் ஷிப்ட் முடித்து அப்படியே வந்து, கூட்டத்துக்குப் பின்னால் பைக்கில் சாய்ந்துகொண்டு, போதும் வா என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஒரு நிமிஷம்ணா," என்றாள் சசிரேகா. குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்கியது என்று சிலர் நினைத்திருப்பார்கள். "அந்த எடத்துல படகு நிக்காது. நா மட்டும் இல்ல, யாரு போனாலும் நிக்காது."

"யாரு போனாலுமா?" பலராமன் சிரித்தார்.

"நீங்க போனாலும்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கிளியம்மாள் பக்கத்தில் இருந்தவன் தொடையைக் கிள்ளினாள்.

"நா தண்ணிலயே வளந்தவன் தங்கச்சி. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்த ஏரில படகு வுட்டவன்."

"அப்போ நிக்க வெச்சுக் காட்டுங்க. நின்னுட்டா, கலைமணிண்ணா அடிக்க வேணாம், எம் பேர நானே அடிச்சிட்டுப் போறேன். ஆனா படகுல நானும் வருவேன், செயலாளரும் வரணும்."

இத்தனை பேர் எதிரில் ஒரு பெண் இப்படிக் கேட்ட பிறகு மாட்டேன் என்று சொல்லக் கூடிய ஆள் இல்லை பலராமன். இரண்டு போனையும் டிரைவரிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். தன்னுடைய இன்ஜின் படகில் ஒரு காலை வைத்தார். வைத்தவர் திரும்பி, தன் ஆளைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்.

"டேய், ஷெட்டுலேர்ந்து அந்த நீலக் கயித்த எடுத்தா."

 படகில் ஏற்கெனவே இருபத்தைந்து அடிக் கயிறு சுருட்டி வைத்திருக்கிறது. எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அந்த ஆள் தோளில் பெரிய சுருளாக நீலக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் வாயைத் திறக்கவே இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

வடக்கு மூலையில், கிழிந்த கூண்டுக்கு நேராக, பலராமன் படகைத் திருப்பி நிறுத்தினார். கெட்டிக்காரர்தான், அதில் குறை சொல்ல முடியாது. நாலு கொக்கி வைத்த இரும்பு நங்கூரத்தை இறக்கினார். நீலக் கயிறு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. கலைமணியின் கண் சுருளுக்கும் தண்ணீருக்கும் மாறி மாறிப் போயிற்று. கயிறு தளர்ந்தது, இன்னும் கொஞ்சம் விட்டார், கட்டினார். படகு ஒரு தரம் ஆடி நின்றது. பனையும் தொட்டியும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

கால் மணி நேரம் நின்றது. கரையில் கை தட்டினார்கள். விசில்கூட வந்தது.

"பாத்துக்கினியா தங்கச்சி? பேனா செயலாளர் கைல கீது."

"சூப்பரா நின்னுச்சுண்ணா," என்று சொல்லிக்கொண்டே சசிரேகா எழுந்து மூக்குப் பக்கம் போனாள். கயிற்றைப் பிடித்து மடமடவென்று இழுக்க ஆரம்பித்தாள். படகு நங்கூரத்துக்கு நேர் மேலே வந்து, கயிறு தூக்குக்குண்டு நூல் மாதிரி நட்டமாக நின்றது. கூந்தலில் இருந்த ரப்பர் பேண்டைப் பிடுங்கி, கயிறு தண்ணீரைத் தொடுகிற இடத்தில் இறுக்கிச் சுற்றினாள்.

"ஏய், இன்னா பண்ற? கைய எடு!"

கையை எடுக்கவில்லை. அவர் எட்டிப் பிடிக்கவும் முடியாது. கரையில் நாற்பது கண் பார்க்கிறது, அடுத்தவன் பெண்டாட்டி கையைப் பிடித்தார் என்று ஆகிவிடும். அவர் கை அந்தரத்தில் நின்றது.

"கலைமணிண்ணா, நங்கூரத்தத் தூக்குங்க. நீங்களே தூக்குங்க, அப்பால யாரும் கேக்கக்கூடாது."

கலைமணி தூக்கினார். தூக்கிக்கொண்டே இருந்தார். ஜெராக்ஸ் கடைக் கை, பாதியிலேயே மூச்சு வாங்கியது. கடைசியாக வந்த நங்கூரத்தில் ஏரி வண்டல் ஒரு துளி இல்லை. கொக்கி நாலிலும் செம்மண் சரளை. வண்டலுக்கு அடியில், அதற்கும் அடியில் இருக்கிற மண். அதற்குள் பலராமன் இன்ஜினைக் கிளப்பிவிட்டார்.

கரையில் கயிற்றை நீட்டிப் போட்டார்கள். கிளியம்மாள் கையை விரித்து அளக்க வந்தாள். அதற்குள் வசந்தகுமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். கம்பெனிச் சாவிக்கொத்தில் தொங்குகிற மூன்று மீட்டர் டேப்பை எடுத்துக் குனிந்தான். எதையாவது அளக்கிறார்கள் என்றால் அவன் கை சும்மா இருக்காது. நங்கூரத்திலிருந்து ரப்பர் பேண்ட் வரைக்கும் நாலு தரம் இழுத்து, மிச்சத்தையும் அளந்தான்.

"பன்னெண்டு மீட்டர் இருவது."

"அடில சொல்லுடா, மெட்டீரியல் டெஸ்ட் பண்ற மாறி சொல்ற!" என்றாள் கிளியம்மாள்.

"நாப்பது அடி."

 கிளியம்மாள்தான் முதலில் பேசினாள், மெதுவாக.

"புரட்டாசி மாசம் என் வெள்ளாடு வடக்கு மூலைல தண்ணி குடிக்கப் போயி வழுக்கி முழுவிப் போச்சு. மொழங்கால் தண்ணில எப்டிமே ஆடு முழுவும்னு நீங்கதான சிரிச்சீங்கோ? இப்ப சிரிங்கோ."

"ஏரின்னா அங்கங்க பள்ளம் இருக்கத்தான் செய்யும்," என்றார் பலராமன். குரலில் தங்கச்சி காணாமல் போயிருந்தது.

"பள்ளம் இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். அதான் நீலக் கயிறு," என்றாள் சசிரேகா. "பதினாலு படகுல எவங்கிட்டயும் இல்லாத கயிறு. மூணு நாளா எல்லாம் என்னப் பாத்துச் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க. தெரிஞ்சுக்கினே சிரிச்சீங்கல்ல?"

பலராமன் படகுப் பூட்டின் சாவியை எடுத்து மண்ணில் போட்டார். கையில் கொடுக்கவில்லை, போட்டார். கலைமணி அவசரமாக நோட்டில் எழுதினார். "சரி சரி, முடிஞ்சுது. சசி மேல தப்பு இல்ல. பேரு அப்டியே இருக்கட்டும். எல்லாம் கலைங்க."

சசிரேகா சாவியைக் குனிந்து எடுத்தாள். "இன்னா எழுதுனீங்க, படிங்க."

கலைமணி தொண்டையைக் கனைத்தார். "வியாழக்கிழமை மாலை காற்று அதிகமாக இருந்தபடியால்..."

"காத்தா?"

"அப்டி எழுதுனா ஒனக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லதும்மா."

"ஆடிக் காத்துல கேனத் தொட்டுக்கினு ஒக்காந்தவ நானு. ஐப்பசிக் காத்து என்னத் தள்ளிச்சா? நாப்பது அடின்னு எழுதுங்க. வடக்கு மூல, நாப்பது அடி. அளந்தது யாரு, தூக்குனது யாரு, எல்லாம் எழுதுங்க."

"எழுதுனா அது நோட்டுல நின்னுடும். நாளைக்கு கவர்மெண்ட் ஆபீசுலேர்ந்து வந்து, பத்து அடி எப்டி நாப்பது ஆச்சுன்னு கேப்பாங்கோ."

"கேக்கட்டும்! கேக்கத்தான எழுதச் சொல்றேன்? எழுதலன்னா நாளைக்கு இன்னொருத்தன் போவான், அவனுக்கும் கல்லு தொடாது, அவனுக்கும் நிக்க வெக்கத் தெரியாதுன்னு சொல்லுவீங்க. நல்லா நீந்தத் தெரியாதவன் வுழுந்தா இன்னா சொல்லுவீங்க?"

கலைமணி பலராமனைப் பார்த்தார். பலராமன் காரைப் பார்த்தார். பேனா மூடி மறுபடி பேனாமேல் ஏறியது.

அதைப் பார்த்த பிறகு சசிரேகா பேசுவதை நிறுத்திவிட்டாள். படகுப் பூட்டைத் திறந்தாள், சங்கிலியை ஏரிக்குள் வீசினாள். கையோடு கொண்டுவந்திருந்த தன் டிஸ்கையும் கயிற்றையும் எடுத்துப் படகில் போட்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நாப்பது அடிக்கு மூணு மடங்கு கயிறு வேணும். எங்கிட்ட இருபத்தஞ்சு கீது. யாரு தரீங்க?"

முதலில் யாரும் அசையவில்லை. பலராமனின் கார்க் கதவு இன்னும் திறந்தே இருந்தது. அப்புறம், ஹேண்ட் பிரேக் என்று கிண்டல் செய்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே தன் கயிற்றைக் காலால் அவள் பக்கம் தள்ளினான். இன்னொருவன், "நா குடுத்தேன்னு சொல்லாத," என்று முணுமுணுத்துக்கொண்டு கொடுத்தான். கிளியம்மாள் தன் தம்பி படகிலிருந்து கேட்காமலேயே அவிழ்த்து வந்தாள். அவளுடையதோடு சேர்த்து மொத்தம் நூறு அடி.

வசந்தகுமாரைக் காணோம். பைக் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.  போகட்டும் என்று முடிச்சுப் போட ஆரம்பித்தாள். மூன்றாவது முடிச்சு போடும்போது பைக் திரும்பி வந்தது. வீட்டு மாடியில் துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்திருந்தான். அதில் அவள் நைட்டி மாட்டுகிற கிளிப்புகள் இரண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.

"இருவது அடி கீது. பத்துமா பாரு."

"பேக்கிங் லைன் இன்னா ஆச்சு?"

"அவங்க வேற ஆளப் பாத்துக்குவாங்க. சீக்கிரம் கட்டு, காத்து ஏறுது."

வடக்கு மூலையில் படகின் மூக்கைக் காற்றுக்குத் திருப்பினாள். டிஸ்கை இறக்கினாள். இந்தத் தரம் கண்ணை எங்கும் விடவில்லை. முடிச்சுகள் ஒவ்வொன்றாக விரலைத் தாண்டிப் போயின. ரொம்ப நேரம் கழித்து, ஆழத்தில் எங்கேயோ, அந்தச் சின்ன அடி விரலில் வந்து தட்டியது. மீதிக் கயிற்றை விட்டுக் கட்டினாள். கொடிக்கயிற்றின் கடைசி முனைதான் மூக்குக் கொக்கியில் வந்து நின்றது. கையை வைத்துப் பார்த்தாள். அதிர்வு இல்லை. தூண்டில் போடவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா பண்ற? கரைக்கு வா!" கலைமணி தண்ணீர் ஓரத்தில் நின்று கத்தினார்.

"எழுதிட்டுக் கூப்புடுங்க!"

பத்து மணி ஆயிற்று. வெயில் ஏறியது. பலராமன் காரைக் கிளப்பினார், பத்தடி போய் நிறுத்தினார், இறங்கி யாருக்கோ போன் செய்தார். கூட்டம் கலையவில்லை, இன்னும் கூடியது. ஷிப்ட் முடிந்து ரூமுக்குத் திரும்புகிற வடக்கத்திப் பையன்கள் நாலு பேர் சைக்கிளை நிறுத்தி, என்ன விஷயம் என்று கிளியம்மாளைக் கேட்டார்கள். அவள் கையை மேலே தூக்கிக் காட்டி, கீழே காட்டி, கூடவே ஆடு கதையையும் சேர்த்து, பாதி இந்தியில் விளக்கினாள். ஒருவன் போனில் படம் எடுத்தான்.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபோது கலைமணி நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தார்.

"எழுதிட்டேம்மா! ஏரி வடக்கு மூல, ஆழம் நாப்பது அடி! பதினோரு பேரு கையெழுத்து!"

"யாரு தோண்டுனதுன்னு எழுதுனீங்களா?"

 கலைமணி திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பலராமன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

சசிரேகா பனையைப் பார்த்தாள். அதன் பின்னால் தொட்டியைப் பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்று, இம்மி விலகவில்லை. துடுப்பை மடியிலிருந்து எடுத்துப் படகுக்குள்ளேயே கீழே போட்டுவிட்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"பரவால்லண்ணா," என்று கத்தினாள். "மெதுவா எழுதுங்க. படகு நல்லா நின்னுக்கினுதான் கீது."